பேடு தீனியை ஒதுக்கினால்



ஆடு கோழி வளர்க்கின்ற வீடுகளில் "இது இப்ப தின்னுதில்ல" என்ற பேச்சு எழாத மாதம் இல்லை. நேற்று வரை குறுணல் தட்டும் சத்தம் கேட்டவுடன் ஓடி வந்த பேடு இன்று மூலையில் குந்திக்கொண்டிருக்கின்றது. கிட்டப் போனால் கொத்த வருகின்றது. சில வீடுகளில் உடனே கத்தியைத் தேடுவார்கள், சாக முந்தி அறுத்துவிடுவோம் என்று. வேறு சில வீடுகளில், எல்லாம் தானாகச் சரிவரும் என்று விட்டுவிடுவார்கள். நாலைந்து நாளில் கூட்டில் இருந்த அத்தனையும் செத்துக் கிடக்கும். முதல் வீட்டில் நல்ல அடைக்கோழி ஒன்று ஆணத்துக்குப் போனது. இரண்டாவது வீட்டில் நோய்க்கோழியை அடைக்கோழி என்று நினைத்தார்கள். தீனி எடுக்காததை இரு வீட்டாரும் கண்டார்கள். அது ஏன் என்று இரு வீட்டாரும் பார்க்கவில்லை.

சேவல் தீனியை ஒதுக்கினால் நோயையோ வெயிலையோதான் சந்தேகிக்க வேண்டும். பேட்டின் கதை வேறு. அதன் வயிற்றில் முட்டை திரளும்போது ஒரு பசி, முட்டையிடும் நாட்களில் ஒரு பசி, அடை இருக்கும்போது ஒரு பசி, குஞ்சோடு திரியும்போது இன்னொரு பசி. மசக்கை நாட்களில் சோற்று வாசமே பிடிக்காமல் குசினிப் பக்கம் போகாது இருந்த உங்களுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை.

இதையெல்லாம் நம் உம்மம்மாமார் யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. எருக்கலம்பிட்டியிலும் தாராபுரத்திலும் புதுக்குடியிருப்பிலும் முசலிப் பக்கத்து ஊர்களிலும் வளவுக்குள் பத்துப் பதினைந்து கோழியும் நாலைந்து ஆடும் நின்ற காலத்தில், பிள்ளைகள் பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டார்கள். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது அந்தத் தொடர்ச்சி அறுந்தது. மன்னார்த் தீவின் மக்கள் தோணிகளில் கற்பிட்டிக்கு வந்து இறங்கினார்கள். கையில் எடுக்க முடிந்தது கொஞ்சம். ஆடும் கோழியும் வளவோடு நின்றுவிட்டன. புத்தளத்து முகாம்களின் கிடுகுக் கொட்டில்களில் வளர்ந்த பிள்ளைகள் இன்று தாய்மார், சிலர் பாட்டிமாரும்கூட. 2009க்குப் பிறகு ஊர் திரும்பிய வீடுகளில் மறுபடியும் கோழிக்கூடு வைத்தார்கள். கூடு வந்தது, கூட்டுக்குள் இருப்பதன் குணத்தை அறிகின்ற கண் எல்லோருக்கும் கூடவே வந்துவிடவில்லை. இம்மாதம் இதை எழுதுவது அதற்காகத்தான்.

முதலில் அடைக்கோழியைப் பார்ப்போம்.

ஊர்க்கோழி ஒரு வரிசைக்குப் பத்துப் பதினைந்து முட்டையிடும். பிறகு ஒருநாள் கூட்டை விட்டு இறங்காமல் தங்கிவிடும். குரல் மாறும். முட்டையிட்டதும் கொக்கரிக்கின்ற சத்தம் அல்ல இது, தொண்டைக்குள் அடக்கிய கேறல். கையை நீட்டினால் உடம்பு முழுவதும் சிலிர்த்து இரண்டு மடங்காகும். நெஞ்சுப் பக்கத்து இறகு உதிர்ந்து வெறும் தோல் தெரியும். முட்டையில் உடம்புச் சூடு நேராகப் படுவதற்கான ஏற்பாடு அது. செக்கச் சிவந்திருந்த கொண்டை நாளுக்கு நாள் சுருங்கி வெளிறும். இந்த வெளிறலைப் பார்த்துத்தான் பலர் பயப்படுகிறார்கள். முட்டை போடுவது நின்ற கோழியின் கொண்டை அப்படித்தான் இருக்கும்.

அடை இருக்கும் 21 நாளும் அது மிகக் கொஞ்சமாகவே தின்னும். பெரும்பாலும் நாளைக்கு ஒரு முறை இறங்கும். அவசர அவசரமாகக் கொஞ்சம் தின்று, தண்ணீர் குடித்து, மண்ணில் புரண்டு, நாற்றமடிக்கும் பெரிய எச்சம் ஒன்றைப் போட்டுவிட்டுக் கால் மணி, அரை மணி நேரத்தில் திரும்பி ஏறிவிடும். அந்த எச்சத்தைக் கண்டு வயிற்றோட்டம் என்று மருந்து கொடுக்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க அடக்கியதை ஒரே தடவையில் கழிக்கிறது, அவ்வளவுதான். உடம்பு இளைக்கும், தூக்கிப் பார்த்தால் கை அறியும். காட்டுக்கோழி இனங்களை வைத்து ஆராய்ந்தவர்கள் தீனியைக் கூட்டின் பக்கத்திலேயே வைத்தும் பார்த்திருக்கிறார்கள். அப்போதும் அவை கொஞ்சமாகவே தின்றன. கூட்டை விட்டு இறங்க நேரமில்லாமல் அது பட்டினி கிடக்கிறது என்று நினைப்பது சரியல்ல. அந்த நாட்களில் அதன் பசியே இறங்கிவிடுகிறது.

இதற்குக் காரணம் மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி என்ற சிறு சுரப்பி. அதிலிருந்து புரோலாக்டின் என்ற ஹோர்மோன் ஊறுகிறது. 1935இல் அமெரிக்காவில் ஒஸ்கார் றிடில் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதைக் கோழிகளுக்கு ஊசியாக ஏற்றினார்கள். கோழிகள் அடைக்கு உட்கார்ந்தன. சகோதரிகளே, பிள்ளை பெற்ற தாயின் மார்பில் பால் ஊற வைப்பதும் இதே புரோலாக்டின்தான். பாலூட்டாத ஒரு பறவைக்கு அது முட்டையை விட்டு எழும்பாத பொறுமையைக் கொடுக்கிறது. படைத்தவனின் ஏற்பாட்டில் ஒரே பொருள் இரண்டு தாய்மாருக்கு இரண்டு விதமாக வேலை செய்கிறது.

அடைக்கோழிக்கு நாம் செய்ய வேண்டியது குறைவு. சுபஹுக்குப் பிறகு கூட்டருகே தானியமும் சுத்தமான தண்ணீரும் வையுங்கள். அது தானாக இறங்காவிட்டால் நாளைக்கு ஒரு தடவை மெதுவாகத் தூக்கி இறக்கி விடுங்கள், இறக்கைக்கு அடியில் முட்டை ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு. சிறிய ஊர்க்கோழிக்கு எட்டுப் பத்து முட்டைக்கு மேல் வைக்க வேண்டாம். சூடு எட்டாத ஓரத்து முட்டை கூழாகிவிடும். மன்னார் வெயிலில் சேர்த்து வைத்த முட்டை சீக்கிரம் கெடும். குளிர்ந்த இடத்தில் வைத்து, ஐந்தாறு நாளைக்குள் சேர்ந்ததை மட்டும் அடைக்கு வையுங்கள். ஏழாம் நாள் இரவு டோர்ச் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் கரு உள்ள முட்டைக்குள் சிலந்தி போல நரம்பு ஓடியிருக்கும். ஒன்றுமே ஓடாமல் தெளிவாக இருப்பதை எடுத்துவிடலாம். கோழி நாலாம் ஐந்தாம் நாளில் முட்டையை விட்டு ஓடினால் கூட்டைக் கிளறிப் பாருங்கள், பெரும்பாலும் செள் இருக்கும். வைக்கோலை எரித்து, புதிய வைக்கோலும் வேப்பிலையும் போட்டு, கோழி புரள ஒரு மூலையில் அடுப்புச் சாம்பல் கொட்டி வைத்தால் அதன் பாடு லேசாகும்.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மாதவிடாய் நாளில் இருக்கும் பெண் அடை வைத்தால் முட்டை கூழாகும் என்று சில வீடுகளில் சொல்கிறார்கள். இது மார்க்கத்திலும் இல்லை, கோழியின் உடம்பிலும் இல்லை. சேவல் கூடாத முட்டை, பழைய முட்டை, வெயில் பட்ட முட்டை, இவைதான் கூழாகின்றன. இடிக்குப் பயந்து கூட்டுக்குள் இரும்பாணி போடுவதும் இந்த வகைதான். ஆணி முட்டையைக் கீறாமல் இருந்தால் போதும்.

இனி, கொஞ்சம் கடுமையாகச் சொல்ல வேண்டியது. அடை வைக்க விருப்பமில்லாத வீடுகளில், முட்டை வேண்டும் என்பதற்காக, அடையைத் தெளிவிக்கிறோம் என்று கோழியைப் படுத்துகின்ற பாடு இருக்கிறதே! தண்ணீர் வாளிக்குள் அமுக்குவார்கள். மூக்குத் துவாரத்தில் இறகைக் கோர்த்து விடுவார்கள். காலைக் கட்டி வெயிலில் போடுவார்கள். தீனி தண்ணீர் இல்லாமல் கூடையால் மூடி வைப்பார்கள். நோயில்லாத ஒரு பிராணிக்கு, அது தாயாகப் பார்க்கிறது என்பதற்காகக் கொடுக்கும் தண்டனை இது.

ஒரு பயணத்தில் தோழர்கள் சிறு பறவை ஒன்றின் இரண்டு குஞ்சுகளை எடுத்துவிட, தாய்ப்பறவை வந்து சிறகடித்துத் தவித்ததையும், நபி (ஸல்) அவர்கள் அதைக் கண்டு குஞ்சுகளைத் திருப்பிக் கொடுக்கச் செய்ததையும் அபூதாவூதில் காண்கிறோம். வயிறு முதுகோடு ஒட்டிப்போன ஒட்டகத்தைக் கண்டபோது, வாய்பேச முடியாத இப்பிராணிகள் விடயத்தில் அல்லாஹ்வைப் பயந்துகொள்ளும்படி எச்சரித்ததும் அதே நூலில் வருகிறது. பூனையைக் கட்டிப்போட்டுச் சாகடித்த பெண்ணின் செய்தி உங்களுக்குத் தெரிந்ததே. கோழியை அறுத்துத் தின்ன நமக்கு அனுமதி உண்டு. மூக்கில் இறகு கோர்ப்பதற்கு அந்த அனுமதி போதாது.

அடையைத் தெளிவிக்க நோவில்லாத வழி இருக்கிறது. அடைக்கோழிக்கு வேண்டியது இருட்டும், வயிற்றுக்கு அடியில் கதகதப்பும். அதை எடுத்துவிட்டால் போதும். கம்பிவலை அடித்தட்டுப் போட்ட கூடொன்றை நிலத்திலிருந்து ஒன்றரை அடி உயர்த்தி, நிழலும் வெளிச்சமும் காற்றும் உள்ள இடத்தில் வைத்து, உள்ளே வைக்கோல் போடாமல் கோழியை விடுங்கள். தீனியும் தண்ணீரும் தாராளமாக வையுங்கள். வயிற்றுக்குக் கீழே காற்று ஓட ஓட மூன்று முதல் ஐந்து நாளில் கேறல் நின்றுவிடும். உடம்பு தேறி மறுபடி முட்டையிட இரண்டு மூன்று வாரம் பிடிக்கலாம். தண்ணீரில் அமுக்கினாலும் அதை விடச் சீக்கிரம் முட்டை வரப்போவதில்லை.

அடைக்கோழிக்கும் நோய்க்கோழிக்கும் வித்தியாசத்தை எப்படிக் காண்பது? அடைக்கோழி தின்னாவிட்டாலும் அதற்குக் கோபம் இருக்கும். கண் பளபளக்கும். தொட்டால் சிலிர்த்துக் கொத்தும். கூட்டிலிருந்து இறக்கினால் உசாராக நடக்கும். நோய்க்கோழிக்குக் கோபம் இல்லை. முட்டை இல்லாத இடத்தில், வேலியோரத்தில் இறகைத் தொங்கவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு நிற்கும். தூக்கினால் துணிப் பொட்டலம் போலக் கையில் கிடக்கும். பச்சையாகவோ வெள்ளையாகவோ தண்ணீராகக் கழிவது, வாயைத் திறந்து இழுத்து மூச்சு விடுவது, கழுத்து முறுக்கிக்கொள்வது, இவற்றில் ஒன்றைக் கண்டால் அதை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்து வையுங்கள். அது ராணிக்கெட் நோயாக இருக்கலாம். 1920களின் பிற்பகுதியில் இந்தியாவின் ராணிக்கெட் என்ற மலையூரில் கண்டதால் இந்தப் பெயர். அதே காலத்தில் இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் கண்டதால் அங்கே நியூகாசில் நோய் என்பார்கள். வந்தபின் அதற்கு மருந்து இல்லை, வருமுன் ஏற்றும் தடுப்பு மருந்துதான். அதைப் பற்றி உங்கள் பகுதி அரச கால்நடை வைத்திய அலுவலகத்தில் விசாரியுங்கள். செத்த கோழியைக் கடற்கரையில் வீசாமல் ஆழமாகக் குழி வெட்டிப் புதையுங்கள். வீசியதை நாய் இழுத்துக்கொண்டு அடுத்த வளவுக்குப் போகும்.

இரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்றும் உண்டு. முட்டை வழியில் சிக்கிக்கொள்வது. இளம் பேட்டிலும், தீனியில் சுண்ணச்சத்து குறைந்த பேட்டிலும் இது வரும். கோழி தின்னாது. வாலைத் தொங்கவிட்டு நெஞ்சை நிமிர்த்தி நிற்கும். கூட்டுக்குப் போவதும் வருவதுமாக முக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீர் உள்ள பாத்திரத்தில் அடிவயிறு நனையக் கொஞ்ச நேரம் வைத்து, பிறகு துடைத்து இருட்டான அமைதியான இடத்தில் விட்டால் சிலவேளை இட்டுவிடும். விரலை விட்டு உடைத்து எடுக்கப் போகாதீர்கள், உடைந்த ஓடு உள்ளே கிழிக்கும். அரை நாளில் ஆகாவிட்டால் மிருக வைத்தியர்தான். இது வராமல் தடுக்க நம் கரையிலேயே பொருள் கிடக்கிறது. கடற்சிப்பியை உப்புப் போகக் கழுவிக் காயவைத்து, பல்லில் கடிபடும் அளவுக்குப் பொடித்து ஒரு சிரட்டையில் வைத்துவிடுங்கள். தேவையான பேடு தேவையான அளவு கொத்தும். முத்துக்குப் பேர்போன மன்னார்க் கடலோரத்தில் இருந்துகொண்டு, தோல்முட்டை போடுகிறது என்று கவலைப்படுவானேன்!

வெயிலின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கோழிக்கு வியர்க்காது. சோளகம் வீசும் மாதங்களில் லுஹருக்கு அது சிறகை விரித்து, வாயைப் பிளந்து மூச்சு வாங்குவதைக் கண்டிருப்பீர்கள். அந்நேரம் தீனியைத் தொடாது. செரிக்கும்போது உடம்பில் இன்னும் சூடு ஏறும் என்பதால் தானாகவே ஒதுக்கிவிடும். அப்படி இளைத்து இளைத்து மூச்சு விடுவதால் முட்டை ஓடும் மெலியும். தீனியை விடியலிலும் அஸருக்குப் பிறகும் போடுங்கள். தண்ணீரை நிழலில் வைத்துப் பகலில் இரண்டு முறை மாற்றுங்கள். மாலையில் தின்றால் நோய் இல்லை.

இந்தக் குணம் கோழிக்கு மட்டும் உரியதல்ல. வெளிநாடுகளில், நம்மவர் குடியேறிய நகரங்களிலும்கூட, வீட்டுக்குள் கண்ணாடிப் பெட்டியில் பல்லி வளர்க்கிறார்கள். நீங்கள் முகம் சுளிப்பது தெரிகிறது! பாகிஸ்தான், ஆப்கானிஸ்தான், வடமேற்கு இந்தியாவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்த, சிறுத்தை போலப் புள்ளி விழுந்த பல்லி இனம் அது. அதன் பெண் முட்டை திரளும் காலத்தில் திடீரெனத் தீனியை வெறுத்து, பெட்டியின் மூலையைத் தோண்டத் தொடங்கும். வளர்க்கும் பிள்ளைகள் பதறிப் போவார்கள். ஆண் சேராவிட்டாலும், சேவல் இல்லாத பேட்டைப் போல, கருவற்ற முட்டையை இடக்கூடும். பெரும்பாலும் ஒரு தடவைக்கு இரண்டு. ஈரமண் போட்ட ஒரு சிறு மறைவிடமும் சுண்ணச்சத்தும் கொடுத்தால் இட்டு முடித்தபின் பழையபடி தின்னும். வாலில் சேமித்த கொழுப்பு கரைந்து வால் மெலிந்தால்தான் பயப்பட வேண்டும். அந்தப் பிள்ளைகள் பார்க்க வேண்டியதும், நம் சகோதரிகள் கூட்டருகே குனிந்து பார்க்க வேண்டியதும் ஒன்றே. முட்டையா, நோயா? மிருகங்களின் குணங்களைப் பற்றி 600 வருடங்களுக்கு முன் அகர வரிசையில் ஒரு பெரிய கிதாபே எழுதிய இமாம் தமீரி அவர்கள் கோழிக்கும் அதில் ஓர் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். ஆலிம்களுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவர்களுக்காக இதைச் சொல்லி வைக்கிறேன்.

ஆட்டுக்கு வருவோம். பெட்டை ஆடு ஏறக்குறைய 21 நாளுக்கு ஒரு முறை கிடாய் தேடும். ஒரு நாள், ஒன்றரை நாள் இருக்கும். ஓயாமல் கத்தும், வாலை ஆட்டிக்கொண்டே இருக்கும், மற்ற ஆட்டின் மேல் ஏறும், குழையைத் திரும்பியும் பார்க்காது. இதற்கு மருந்து தேவையில்லை, நாட்காட்டியில் ஒரு கோடு போட்டால் போதும். கிடாயோடு சேர்ந்து 21 நாளில் மறுபடி கத்தினால் சினைப்படவில்லை. கத்தாவிட்டால், சேர்ந்த நாளிலிருந்து ஐந்து மாதத்தைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள். இந்தக் கோட்டைப் போடாத வீடுகளில்தான், நாலாம் ஐந்தாம் மாதத்தில் ஆடு தீனியைக் குறைத்ததும் நோய் என்று பயந்து, வந்த விலைக்கு இறைச்சிக்கு விற்றுவிடுகிறார்கள். அறுத்தபின் உள்ளே இரட்டைக் குட்டி கிடந்த கதையை ஊருக்கு ஊர் கேட்கலாம். ஒரு விதவையின் வீட்டில் அது ஒரு வருட வருமானம்.

கடைசி மாதத்தில் ஆடு ஏன் குறைத்துத் தின்கிறது? குட்டிகள் வளர்ந்து இரைப்பையை நெருக்குகின்றன, ஒரே தடவையில் வயிறு நிறையத் தின்ன இடமில்லை. தேவையோ கூடிக்கொண்டு போகிறது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாக, நாளைக்கு நாலைந்து தடவை, சத்துள்ளதாகக் கொடுங்கள். உடைமரத்துக் காய், முருங்கைக் குழை, தவிட்டோடு கொஞ்சம் தேங்காய்ப் பிண்ணாக்கு. இந்த மாதத்தில் வயிறு பெருத்த ஆடு முழுவதுமாகத் தீனியை விட்டு, மந்தமாகி, தலையைச் சுவரில் முட்டிக்கொண்டு நின்று, மூச்சில் ஒரு தித்திப்பு வாடை வந்தால் அது சாதாரணக் குறைவு அல்ல. குட்டிகள் தாயின் உடம்பையே கரைத்துக்கொண்டிருக்கின்றன. படுத்துவிட்டால் எழுப்புவது கடினம், அன்றைக்கே வைத்தியருக்குச் சொல்லுங்கள். ஈனும் நாளில் ஒதுங்கி நின்று, நிலத்தைக் காலால் பறித்து, தீனியை மறுப்பது வழக்கமானதே. ஈன்ற பின் அரை நாளாகியும் நச்சுக்கொடி விழாமல் ஆடு தின்னாமல் நின்றால், கொடியைப் பிடித்து இழுக்காமல் ஆளனுப்புங்கள்.

வைத்தியரிடம் போகின்றவர் பெரும்பாலும் வீட்டு ஆண். அவரோ விடியற்காலை கடலுக்கோ கடைக்கோ போனவர், பிராணியைப் பார்த்தவர் அல்லர். "என்ன செய்யுது?" என்று கேட்டால், "தின்னுதில்ல டொக்டர்" என்பதோடு நின்றுவிடுவார். எனவே ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்து அனுப்புங்கள். எந்த நாளிலிருந்து தின்னவில்லை, தண்ணீர் குடிக்கிறதா, எச்சம் அல்லது புழுக்கை என்ன நிறம், கடைசியாக முட்டையிட்டது எப்போது, கிடாயோடு சேர்ந்தது எந்தத் தேதி, கூட்டில் வேறு எதற்கும் இப்படி இருக்கிறதா. முடிந்தால் நீங்களே கூடப் போங்கள்.